ஒரு பெட்டிக்கு இரண்டு பேர்

பொள்ளாச்சி பேருந்து நிலையத்தில் வால்பாறை வண்டி புறப்படத் தயாராக நின்றது. கண்டக்டர் படியோரம் நின்று, ஏறுகிறவர்களிடம் எல்லா வண்டியிலும் கேட்பதைக் கேட்டார்.

"பொட்டி இருக்கறவங்க லைட்டக் காட்டிட்டு ஏறுங்க. பாதி மலைல பேட்டரி போச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

திருமூர்த்தி சட்டையை ஒரு பக்கம் தூக்கி, இடுப்பு வாரில் மாட்டியிருந்த பெட்டியைக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. கண்டக்டர் டிக்கெட்டைக் கொடுத்து, சார்ஜ் போடும் வசதியுள்ள இருக்கைகளைக் கைகாட்டினார். பின்னாலேயே ஏறிய மனைவி மிதுனா, ஜன்னலோரம் உட்கார்ந்த கணவரின் பெட்டியை இருக்கைக்குக் கீழே இருந்த பிளக்கில் மாட்டினாள். சரியாக மாட்டியிருக்கிறதா என்று இன்னொரு முறை இழுத்தும் பார்த்தாள்.

இதயக் காய்ச்சல் வந்துபோன பிறகு ஊர் இப்படித்தான் ஆகியிருந்தது. அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் ஆளைக் கொல்லவில்லை. இதயத் தசையை நைந்த துணிபோல ஆக்கிவிட்டுப் போனது. பிழைத்தவர்களின் நெஞ்சுக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு சுழலியை வைத்தார்கள். ரத்தத்தை இழுத்து, நிற்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும் சின்ன மோட்டார். அதன் வயர் வயிற்றுத் தோலின் வழியே வெளியே வந்து இடுப்புப் பெட்டியில் சேரும். டாக்டர்கள் அந்த வயருக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் ஜனங்கள் அதைக் 'கொடி' என்றார்கள், தொப்புள்கொடியை நினைத்து. சுழலி வைத்தவர்களுக்கு நாடி துடிக்காது. மணிக்கட்டைத் தொட்டுப் பார்க்கும் பழக்கமே மருத்துவமனைகளில் போய்விட்டது. பச்சை எரிகிறதா என்றுதான் பார்த்தார்கள்.

சுழலிக்குப் பஞ்சமில்லை. கோயம்புத்தூர்ப் பட்டறைகளே செய்து குவித்தன. பஞ்சம் பெட்டிக்குத்தான். அதற்குள் இருக்கும் சில்லுகள் கடல் கடந்து வர வேண்டும். வருவது நின்று பல வருடங்கள் ஆகியிருந்தன. அதனால் பெட்டி யாருக்கும் சொந்தமில்லை, அரசுடையது. ஒருவர் இறந்தால் அவர் பெட்டியைத் துடைத்து, வரிசையில் அடுத்திருப்பவருக்குக் கொடுத்தார்கள். புதிதாக ஒருவர் எழுந்து நடக்கிறார் என்றால் எங்கோ ஒருவர் போய்விட்டார் என்று அர்த்தம்.

மிதுனா பீளமேட்டில் அந்தப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனையில் பொறியாளர். சுழலி கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார். நடுவில் ஒரு காந்தம், சுற்றிலும் மூன்று சுருள்கள். சுருள்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக மின்சாரம் கொடுத்தால் காந்தம் அதைத் துரத்திக்கொண்டு சுற்றும். ஆனால் காந்தம் இந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தான் அடுத்த சுருளுக்குச் சரியான நேரத்தில் கொடுக்க முடியும். சுற்றும் காந்தம் ஓய்ந்திருக்கும் சுருளில் ஒரு சிறு மின்னழுத்தத்தை எழுப்பும். பெட்டி அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். அதை வைத்துத்தான் காந்தத்தின் இடத்தைக் கணிக்கும். கணிப்பு தவறினால் காந்தம் தாளம் தப்பி, நடுங்கி, நின்றுவிடும். கணவருக்கு அறுவை நடந்த பிறகு மிதுனாவுக்கு இந்த வேலை வெறும் வேலையாக இல்லை.

வால்பாறையில் திருமூர்த்தியின் பழைய நண்பர் ஒருவர் வீட்டில் சில நாள் தங்கிவரத்தான் போனார்கள். அறுவைக்குப் பிறகு அதுதான் முதல் பயணம். ஆழியாறு தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. பாதி வளைவுகள் ஏறியிருந்தபோது மேலே ஏதோ உடைகிற சத்தம் கேட்டது. செம்மண்ணும் கல்லும் வண்டியின் இடது பக்கத்தில் வந்து மோதின. கண்ணாடிகள் சிதறின. ஓட்டுநர் எப்படியோ வண்டியைப் பாறைச் சுவரோடு அணைத்து நிறுத்திவிட்டார். சற்று நேரத்தில் பின்னாலும் சரிந்தது. முன்னும் போக முடியாது, பின்னும் போக முடியாது. போனில் சிக்னல் இல்லை.

யாருக்கும் பெரிய அடி இல்லை என்று எல்லாரும் மூச்சு விட்டபோதுதான் அந்த அலறல் கேட்டது. ஆள் அலறவில்லை, பெட்டி அலறியது. மிதுனா முதலில் பார்த்தது கணவரின் இடுப்பைத்தான். பச்சை எரிந்தது. எதிர்ப்பக்க இருக்கையில் இருந்த பெண் சேற்றுத் தண்ணீரில் சரிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் பெட்டி சிவப்பாக மின்னியது.

பெயர் ரோஸ்லின் என்றாள். முப்பது வயதுகூட இருக்காது. எஸ்டேட் டீ ஃபேக்டரியில் சூப்பர்வைசர். கண்டக்டரும் மிதுனாவும் அவளைத் தூக்கிப் பின்னால் இருந்த நீள இருக்கையில் படுக்க வைத்தார்கள். நைந்த இதயம் அசையாமல் படுத்திருக்கும் உடம்புக்குச் சிறிது நேரம் ஈடுகொடுக்கும். அதிக நேரம் கொடுக்காது. ஓட்டுநர் உதவி தேடி மண்மேட்டின் மேல் ஏறிக் கீழே இறங்கிப் போனார்.

மிதுனா பெட்டியைத் திறந்தாள். கல் அடித்து மூடி நசுங்கியிருந்தது, உள்ளே சேறு. சுருள்களுக்கு மின்சாரத்தை மாற்றிமாற்றி விடும் டிரான்சிஸ்டர்களில் இரண்டு கருகிப் பிளந்திருந்தன. இங்கே என்ன, பணிமனையிலேயே இதற்கு மாற்று இல்லை.

"சரி பண்ணிடலாமா, அக்கா?" என்றாள் ரோஸ்லின். உதடு நீலமாகத் தொடங்கியிருந்தது.

மிதுனா மூடியை மூடிவிட்டுக் கணவர் பக்கம் வந்து உட்கார்ந்தாள். திருமூர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, உம் மூஞ்சியப் பாத்தாத் தெரியுது. ஏதோ வழி இருக்கு."

"இல்லீங்க மாமா."

"உப்புத்தண்ணி வாளில ரெண்டு சுழலியப் போட்டு ஒரே பொட்டில ஓட்டுனயல்ல? பணிமனைக்குச் சாப்பாடு கொண்டாந்தப்ப நானே பாத்தனே."

"அது வாளி மாமா. மனுசன் இல்ல. கொஞ்ச நேரம் ஓடுச்சு, அப்பறம் ஒண்ணு தடுமாறி ரெண்டும் நின்னுபோச்சு. அத யாருகிட்டயும் நான் சொல்லவே இல்ல."

"ரோடு தெறக்கற வரைக்கும் ஓடுனாப் போதும்."

"என்ன பேசறீங்க? மொதல்ல உங்களுத நிறுத்தோணும். ஓடிட்டிருக்கற சுழலியோட நின்னுபோனதச் சேத்த முடியாது. ரெண்டையும் நிறுத்தி, ரெண்டு காந்தத்தையும் ஒரே பக்கம் திருப்பி வெச்சு, சேந்தாப்புல கெளப்போணும். கெளம்பலைன்னா நான் என்ன பண்றது?"

குரலைத் தாழ்த்திப் பேச நினைத்தும் அவளால் முடியவில்லை. பின்னால் படுத்திருந்தவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

"அக்கா," என்றாள் ரோஸ்லின். "வேணாம்னு சொல்லணும்னுதான் நினைக்கிறேன். ஆனா எனக்குச் சாகப் பயமா இருக்கு, அக்கா."

திருமூர்த்தி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். அவள் காலடியில் இருந்த இடத்தில் படுத்துக்கொண்டு சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தார். "வா மிதுனா," என்றார். "ஒரு ஆள் கண்ணு முன்னால போறதப் பாத்துட்டு நண்பன் வீட்ல போயி என்னால சோறு திங்க முடியாது."

கொடிக்குள் ஆறு வயர்கள் உண்டு. மூன்று தடித்தவை, மின்சாரம் கொண்டு போக. மூன்று மெல்லியவை, சுழலி சொல்வதைப் பெட்டிக்குக் கொண்டுவர. கணவரின் பையில் எப்போதும் ஓர் உபரிக் கேபிள் இருக்கும். கண்டக்டரின் கத்தியை வாங்கி மிதுனா அதை அறுத்தாள். இருவரின் தடித்த வயர்களையும் சேர்த்து முறுக்கினாள். மெல்லிய வயர்களைச் சேர்க்க முடியாது. இரண்டு சுழலிகளும் ஒரே நேரத்தில் பேசினால் பெட்டி குழம்பிவிடும். அதற்குக் காது ஒன்றுதான். ஒருவரைக் கேட்கும், மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு பின்தொடர வேண்டும். எவருடைய சுழலிக்குப் பாரம் அதிகமோ அவரைக் கேட்டால்தான் இரண்டும் சேர்ந்து ஓடும். பின்தொடர்பவரின் பாரம் கூடிவிட்டால் அவர் தாளம் தப்புவார்; பெட்டி இருவரையும் நிறுத்திவிடும். அவள் திருமூர்த்தியின் மெல்லிய வயர்களைச் செருகினாள். இருவரில் அவர்தான் பெரிய உடம்பு.

"ரெண்டு பேரும் அசையாதீங்க. பேசாதீங்க," என்றாள். பிறகு கணவரின் சுழலியை நிறுத்தினாள்.

திருமூர்த்தியின் கண்கள் அவள் முகத்தில் நின்றன. கொஞ்சம் கொஞ்சமாக அவை எதையும் பார்க்காதவை ஆயின. மிதுனா இரண்டு சுருள்களுக்கு மட்டும் மின்சாரத்தை விட்டுப் பிடித்து வைத்தாள், இரண்டு காந்தங்களும் திரும்பி ஒரே திசையில் நிற்கட்டும் என்று. உள்ளே அவை திரும்பினவா என்று பார்க்க வழியில்லை. சுற்ற விட்டாள். பெட்டி ஒருமுறை முனகி நின்றது. மறுபடி பிடித்து வைத்தாள், மறுபடி விட்டாள். மெல்லிய ரீங்காரம் எழுந்து, ஏறி, ஒரே சீராக நின்றது. கண்டக்டர் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

திருமூர்த்தி கண்ணைத் திறந்தபோது ரோஸ்லினின் உதட்டில் நிறம் வந்திருந்தது. பிழைத்தோம் என்று தெரிந்ததும் அவள் குலுங்கிக் குலுங்கி அழத் தொடங்கினாள். ரீங்காரம் கரகரத்தது. மிதுனா அலறினாள்: "அழாத கண்ணு, அழாத!" ரோஸ்லினால் நிறுத்த முடியவில்லை. இப்போது அவளுடைய பாரம்தான் கூடிக்கொண்டிருந்தது. மிதுனா கணவரின் மெல்லிய வயர்களைப் பிடுங்கிவிட்டு ரோஸ்லினுடையதைச் செருகினாள். ரீங்காரம் சீரானது. அந்த நேரத்திலிருந்து மண் அள்ளும் வண்டி வந்து வழி திறந்த மாலை வரைக்கும் பெட்டி அந்தப் பெண்ணை மட்டுமே கேட்டது. தன் கணவரின் சுழலி உள்ளே என்ன சொல்கிறது என்று அறிய மிதுனாவிடம் எதுவும் இருக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையில் நாடியும் இல்லை.

கோயம்புத்தூர் மருத்துவமனையில் உபரிப் பெட்டி இல்லை. இருவரையும் பிரித்தால் ஒருவர் இறப்பார். பிரிக்காமல் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் வைத்தார்கள். இதயப் பிரிவின் தலைமை டாக்டர் லோசனி அந்த முறுக்கிய வயர்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வரிசைல எத்தனை பேர் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா, மிதுனா?"

"தெரியுங்க டாக்டர். ஆனா இது ஆபத்துக்குச் செஞ்சது. ஒருத்தர் தாளம் தப்புனா ரெண்டு பேரும் போயிருவாங்க."

"இப்ப வரிசைல இருக்கறவங்க எல்லாருமே போயிட்டிருக்காங்களே," என்றார் டாக்டர். அவர் குரலில் கொடுமை இல்லை, களைப்புதான் இருந்தது. "வாசல்ல வந்து நிக்கற குடும்பங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது? வழி இருக்கு, ஆனா தர மாட்டேன்னா?"

மிதுனா வாசல் பக்கம் பார்த்தாள். அவளைப் போலவே தன் கணவரைக் காப்பாற்ற நினைக்கும் ஒருத்தி அந்த வாசலிலும் நின்றிருப்பாள்.

மழைக்காலம் முடிவதற்குள் இணைப்பு ஆணை வந்துவிட்டது. ஒரு பெட்டிக்கு இரண்டு பேர். பணிமனையில் நல்ல இணைப்புக் கேபிள்கள் செய்தார்கள். அதற்கான பயிற்சியை மிதுனாவே கொடுத்தாள். வரிசை பாதியாகக் கரைந்தது. அவளைக் கும்பிட்டுவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள். தெருவில் மாமனாரும் மருமகளும், கடைக்காரரும் வாடிக்கையாளரும், முன்பின் தெரியாத இருவரும் ஒரு கேபிளுக்குள் ஒட்டியபடி ஒரே வேகத்தில் நடந்தார்கள். கோபப்படுகிறவரோடு இணைந்தவர்கள் நடுங்கி வாழ்ந்தார்கள். சில வீடுகளில் இருவரும் ஒரே நாளில் இறந்தார்கள்.

ரோஸ்லின் அவர்கள் வீட்டிலேயே இருந்தாள். வேறெங்கே போவாள்? இரண்டு கட்டில்களுக்கு நடுவே ஒரு திரை, திரைக்கு அடியில் கேபிள். மிதுனா பக்கத்து அறையில் படுத்தாள். திருமூர்த்தி குளிக்கும்போது அந்தப் பெண் கதவுக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பாள். அவள் குளிக்கும்போது அவர் உட்கார்ந்திருப்பார். முதல் மாதம் மூவரும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு அவள் அவரை அண்ணா என்றாள். அவருக்குக் கோபமே வராமல் போயிற்று. அவள் சத்தமில்லாமல் சிரிக்கப் பழகினாள். டி.வி.யில் கிரிக்கெட் பார்ப்பதை இருவரும் விட்டார்கள். அவளுடைய அம்மாவோடு போனில் பேசினால் மனசு பொங்குகிறது என்று அதையும் குறைத்துக்கொண்டாள்.

பெட்டியின் காதை மிதுனா கணவர் பக்கமே வைத்திருந்தாள். பாரம் அதிகமானவரைக் கேட்க வேண்டும் என்பது விதி. வீட்டில் அமைதியாக இருக்கும்போது அவருடைய பாரமே அதிகம். விதிப்படி அது சரிதான். விதி வேறு மாதிரி இருந்திருந்தாலும் அவள் அப்படித்தான் வைத்திருப்பாள்.

ஒரு காலையில் மூவரும் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வாசல் மணி அடித்தது. கதவு ஒருக்களித்துத்தான் இருந்தது. தள்ளிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தது ரோஸ்லினின் அம்மா, வால்பாறையிலிருந்து சொல்லாமல் கிளம்பி வந்திருந்தார்.

"ரோசு..."

மலை இறங்கிய நாளிலிருந்து அவள் அம்மாவைப் பார்க்கவே இல்லை. தட்டு உருண்டது. "அம்மா!" என்று எழுந்து ஓடினாள். எல்லாம் மறந்துபோயிற்று. கேபிள் விறைத்ததும் திருமூர்த்தி நாற்காலியோடு சரிந்தார். பெட்டி ஒருமுறை கரகரத்துவிட்டு அலறியது. அம்மாவின் தோளைத் தொடும் முன்பே ரோஸ்லின் மடங்கி விழுந்தாள்.

மிதுனா இருவரையும் இழுத்துப் பக்கத்தில் படுக்க வைத்தாள். காந்தங்களைப் பிடித்து வைத்தாள், விட்டாள். பெட்டி நடுங்கி நின்றது. மறுபடி. மறுபடி நின்றது. ரோஸ்லினின் நைந்த இதயம் ஓடிய பதற்றத்தில் தறிகெட்டு அடித்து, நின்றுபோன சுழலியின் வழியே ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் காந்தம் நிறுத்திய இடத்தில் நிற்கவில்லை. அது அடங்கும்வரை சேர்த்துக் கிளப்ப முடியாது. அதுவரை திருமூர்த்தி தாங்க மாட்டார். ஒருவரைத் தனியாகக் கிளப்பிவிட முடியும்.

அவள் யோசிக்கவில்லை என்றுதான் பிறகு தனக்குச் சொல்லிக்கொண்டாள். கை தானாகப் போயிற்று. ரோஸ்லினின் கொடியைப் பெட்டியிலிருந்து பிடுங்கியது. பெட்டி உடனே ரீங்கரித்தது. திருமூர்த்தியின் முகத்தில் நிறம் ஏறுவதைப் பார்த்த பிறகே அவள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினாள். நெஞ்சை அழுத்தினாள், ஆம்புலன்ஸ் வரும்வரை, வந்தவர்கள் தோளைப் பிடித்து விலக்கும்வரை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

அந்த அம்மா சுவரோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்திருந்தார். எது எதன் பிளக் என்று அவருக்குத் தெரியாது. மருத்துவமனை வராந்தாவில் மிதுனாவின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"நீ இல்லேன்னா எம் பொண்ணு அன்னிக்கே போயிருப்பா. இத்தனை நாள் அவள உசுரோட வச்சிருந்தியே தாயி. நான் பாவி, சொல்லாம கொள்ளாம வந்துட்டேன்."

மிதுனா மெல்லக் கைகளை விடுவித்துக்கொண்டாள். அந்தப் பழியை அந்த அம்மா தானே சுமந்துகொண்டு மலையேறிப் போனார்.

வார்டில் திருமூர்த்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அவள் வந்து நின்றது தெரிந்தும் திரும்பவில்லை.

"அவ கொடியப் புடுங்குனது நீயா?"

"ஆமாங்க மாமா."

"நான்னாலும் அதத்தான் செஞ்சிருப்பனோ என்னமோ," என்றார் சுவரைப் பார்த்தபடியே. "தெரியல. உன்னையத் திட்டோணும்னு இருக்கு. திட்டுனா பொட்டி கரகரக்குமோன்னு இன்னும் பயமா இருக்கு பாரு. இப்ப நான் ஒத்தையாத்தான் இருக்கேன்."

ஒற்றையாக இருக்க ஆணை இடம் கொடுக்கவில்லை. இரண்டு நாளில் டாக்டர் லோசனி வந்தார். இப்போது பாதியாகிப்போன வரிசையின் தலையில் ஒருவர் இருந்தார். அவர் நெஞ்சில் சுழலியை வைத்தாகிவிட்டது. அறுவை அறையின் பெரிய இயந்திரம் அவரை ஓட்டிக்கொண்டிருக்கிறது. அந்த இயந்திரம் நாளைய அறுவைக்கு வேண்டும். டாக்டர் இதையெல்லாம் மிதுனாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"வேற யாரையாச்சும் வெச்சு இணைக்கச் சொல்லட்டுமா? நீங்க வெளிய இருங்க."

"வேண்டாங்க," என்றாள் மிதுனா. "தப்பா இணைச்சுருவாங்க."

ஊழியர்கள் இரண்டாவது கட்டிலைத் தள்ளிக்கொண்டு வந்து திருமூர்த்தியின் கட்டிலோடு ஒட்டிப் போட்டார்கள். படுத்திருந்தவர் ஐம்பதைத் தொட்ட, ஒல்லியான மனிதர். பக்கத்தில் பெரிய இயந்திரம் இரைந்தது. அவர் பயந்த கண்களால் எல்லாரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, கேபிளோடு குனிந்த மிதுனாவிடம் தணிந்த குரலில் கேட்டார்.

"அவருக்குக் கோவம் வருமாங்க? இல்ல, எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையாச்சும் பாத்தாச் சிரிப்பு வந்துரும், அடக்க முடியாது. வீட்டுல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க, அதுங்க பண்றதப் பாத்தா..." அவர் நிறுத்திக்கொண்டார். "பழகிக்கறனுங்க. சீக்கிரமே பழகிக்கறேன்."

மிதுனா இரண்டு கொடிகளையும் கேபிளில் செருகினாள். மெல்லிய வயர்களைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு கணவருடையதையே செருகினாள்.

"நிறுத்தப் போறேன்," என்றாள்.

திருமூர்த்தி சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். பக்கத்துக் கட்டிலில் கிடந்தவரின் முகத்தை முதல்முறையாகப் பார்த்தார். அந்த மனிதர் சிரிக்க முயன்று, உடனே பயந்து, உதட்டை இறுக்கிக்கொண்டார்.

"எம் பேரு..." என்று தொடங்கினார்.

"வேண்டாங்க," என்றார் திருமூர்த்தி. குரல் உடைந்துவிடாமல், பாரம் ஏறிவிடாமல், மெதுவாகச் சொன்னார். "பேர மட்டும் எங்கிட்டச் சொல்லீராதீங்க."